பிள்ளைக்கு வகுத்தல் சொல்லிக்கொடுப்போம்



ஒரு காட்சியை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். கோல சிலாங்கூர்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடு. பொழுது சாய்ந்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் பேரன் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறான்.

"பாட்டி, இந்த வகுத்தல் கணக்கு வரவே மாட்டேங்குது."

"எனக்கு என்னய்யா தெரியும்? நான் கணக்கெல்லாம் படிச்சவளா? நாளைக்கு வாத்தியாரைக் கேளு."

அதே பாட்டி அன்று காலையில் என்ன செய்தார் தெரியுமா? அவரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் வீட்டுக் கொல்லையில் விளைந்த கீரையையும் மரவள்ளிக் கிழங்கையும் சேர்த்து விற்றார்கள். 72 வெள்ளி கிடைத்தது. ஏழு பத்து வெள்ளி நோட்டுகள். இரண்டு ஒரு வெள்ளி நோட்டுகள். பாட்டிதான் பங்கு போட்டார். ஆளுக்கு இரண்டு பத்து வெள்ளி நோட்டுகளைக் கொடுத்தார். ஒரு பத்து வெள்ளி நோட்டு மிஞ்சியது. அதை மூன்றாகக் கிழிக்க முடியுமா? கடைக்கு ஆள் அனுப்பி அதைப் பத்து ஒரு வெள்ளி நோட்டுகளாக மாற்றினார். ஏற்கெனவே இருந்த இரண்டையும் சேர்த்தால் பன்னிரண்டு. ஆளுக்கு நான்கு கொடுத்தார். ஆக, ஆளுக்கு 24 வெள்ளி. பங்கும் தீர்ந்தது, மனக்குறையும் யாருக்கும் இல்லை.

நேயர்களே, பேரனுடைய நோட்டில் இருக்கும் கணக்கும் இதேதான். 72ஐ 3ஆல் வகுக்க வேண்டும். பாட்டி கையால் செய்ததைப் பேரன் பென்சிலால் செய்ய வேண்டும். கை செய்ததற்கும் பென்சில் செய்வதற்கும் இடையே ஒரு பாலம் போட்டுவிட்டால் போதும். அந்தப் பாலத்தை வீட்டிலேயே போடலாம் என்பதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

வகுத்தல் ஏன் பிள்ளைகளைத் தடுமாற வைக்கிறது? முதலில் அதைப் பார்ப்போம். கூட்டல், கழித்தல், பெருக்கல் ஆகிய மூன்றையும் வலப் பக்கத்திலிருந்து தொடங்கும்படி பள்ளியில் பழக்கியிருக்கிறார்கள். ஒன்றாம் இடம் முதலில். பிறகு பத்தாம் இடம். பிறகு நூறாம் இடம். வகுத்தலில் மட்டும் திடீரென்று இடப் பக்கத்திலிருந்து தொடங்கு என்கிறார்கள். ஏன் என்று பிள்ளைக்கு விளங்குவதில்லை. அது மட்டுமன்று. ஒரே கணக்குக்குள் பெருக்கலும் வருகிறது, கழித்தலும் வருகிறது, மதிப்பீடு செய்வதும் வருகிறது. வாய்பாடு தடுமாறினாலும் விடை தவறும். கழித்தல் தடுமாறினாலும் விடை தவறும். எந்த இடத்தில் தவறியது என்று தெரியாத பிள்ளை, தனக்குக் கணக்கே வராது என்று முடிவு கட்டிவிடுகிறது. மூன்றாம், நான்காம் ஆண்டில் இப்படி மனம் ஒடிந்த பிள்ளை, பின்னால் பின்னம், தசமம், விழுக்காடு என்று எது வந்தாலும் ஒதுங்கி நிற்கிறது. ஏனென்றால் அவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது வகுத்தல்.

வகுத்தலுக்குப் பள்ளியில் நான்கு சொற்களை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். வகு, பெருக்கு, கழி, இறக்கு. பிள்ளைகள் இதைப் பாட்டுப் போலச் சொல்லும். ஆனால் 'இறக்கு' என்றால் எதை, எதற்காக இறக்குகிறோம் என்று கேளுங்கள். பல பிள்ளைகள் விழிக்கும். பாட்டி போட்ட பங்கைக் கொண்டு இதை விளக்கிவிடலாம்.

வகு என்றால், ஆளுக்கு எத்தனை நோட்டு கொடுக்கலாம் என்று பார்ப்பது. ஏழு பத்து வெள்ளி நோட்டுகளை மூன்று பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு இரண்டு. பெருக்கு என்றால், மொத்தம் எத்தனை நோட்டு கையை விட்டுப் போயிற்று என்று பார்ப்பது. மூவிரண்டு ஆறு. கழி என்றால், கையில் இன்னும் எத்தனை நோட்டு இருக்கிறது என்று பார்ப்பது. ஏழில் ஆறு போக ஒன்று. இறக்கு என்றால், மிஞ்சிய பெரிய நோட்டைச் சில்லறையாக மாற்றி, ஏற்கெனவே இருக்கும் சில்லறையோடு சேர்ப்பது. ஒரு பத்து, பத்து ஒன்றுகளாகிறது; அதனோடு இரண்டு சேர்ந்து பன்னிரண்டு ஆகிறது. தாளில் மீதமான 1க்குப் பக்கத்தில் 2ஐ இறக்கி 12 என்று எழுதுகிறோமே, அந்த 12 இப்படித்தான் வந்தது. கடைக்கு ஆள் அனுப்பிய வேலையைத்தான் பென்சில் செய்கிறது.

இப்போது இடப் பக்கத்திலிருந்து தொடங்கும் காரணமும் தெளிவாகும். பங்கு போடுகிறவர் பெரிய நோட்டைத்தான் முதலில் கொடுப்பார். மிஞ்சியதை மாற்றிக் கீழே கொண்டுவருவார். சில்லறையை முதலில் கொடுத்துவிட்டால், பெரிய நோட்டை மாற்றிய பிறகு மறுபடியும் சில்லறைக்கே திரும்பிவர வேண்டும். ஒரு வேலையை இரண்டு முறை செய்ய நேரும்.

இனி ஒரு மூவிலக்க எண்ணை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர் சேர்ந்து ஒப்பந்த வேலை ஒன்றைச் செய்தார்கள். 745 வெள்ளி கிடைத்தது. ஆளுக்கு எவ்வளவு? 745ஐ எழுதுங்கள். இடப் பக்கம் வளைகோடு போட்டு அதற்கு வெளியே 5ஐ எழுதுங்கள். மேலே நீளக் கோடு போடுங்கள். விடை அந்தக் கோட்டுக்கு மேலே வரும்.

ஏழு நூறு வெள்ளி நோட்டுகள் இருக்கின்றன. ஐந்து பேருக்கு ஆளுக்கு ஒன்று. 7க்கு நேர் மேலே 1 எழுதுங்கள். ஓரைந்து ஐந்து. ஏழில் ஐந்து போக இரண்டு. இந்த இரண்டு நூறுகளையும் மாற்றினால் இருபது பத்துகள். பக்கத்திலுள்ள 4ஐ இறக்கினால் இருபத்து நான்கு பத்துகள். ஆளுக்கு நான்கு கொடுக்கலாம். 4க்கு நேர் மேலே 4 எழுதுங்கள். நாலைந்து இருபது. இருபத்து நான்கில் இருபது போக நான்கு. நான்கு பத்துகளை மாற்றினால் நாற்பது. 5ஐ இறக்கினால் நாற்பத்தைந்து. ஆளுக்கு ஒன்பது. 5க்கு மேலே 9 எழுதுங்கள். ஒன்பதைந்து நாற்பத்தைந்து. மீதம் இல்லை. விடை 149 வெள்ளி.

சரியா என்று பார்ப்பது எப்படி? 149ஐ ஐந்தால் பெருக்குங்கள். 745 வருகிறது. கொடுத்ததை எல்லாம் திருப்பி வாங்கிக் கூட்டினால் பழைய தொகை வர வேண்டும். இந்தச் சரிபார்ப்பைப் பிள்ளை தானே செய்யப் பழக வேண்டும். அப்போது விடை சரியா என்று வாத்தியாரின் சிவப்பு மைக்காக அது காத்திருக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் மூன்று இடங்களை இனிச் சொல்கிறேன்.

முதல் இடம், நடுவில் வரும் சுழியம். இதற்கு நம் வட்டாரத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு எடுக்கலாம். இன்று பெஸ்தாரி ஜெயா என்று வழங்கும் பழைய பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்தில் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. இந்நாட்டில் செம்பனையை முதன்முதலாக வாணிப நோக்கில் பயிரிட்ட இடம் அதுதான். 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே நடவைத் தொடங்கினார். அதன் பிறகு நம்மவர் கைகள் நட்ட செம்பனைக் கன்றுகளுக்குக் கணக்கே இல்லை. சரி, 618 செம்பனைக் கன்றுகளை ஆறு பேர் சமமாகப் பிரித்து நட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு எத்தனை கன்று?

பிள்ளை வகுக்கிறது. ஆறில் ஆறு ஒரு தடவை. 1 எழுதுகிறது. மீதம் இல்லை. அடுத்த 1ஐ இறக்குகிறது. ஒன்றில் ஆறு போகாது. உடனே 8ஐயும் இறக்கிப் பதினெட்டு ஆக்குகிறது. பதினெட்டில் ஆறு மூன்று தடவை. 3 எழுதுகிறது. விடை 13 என்கிறது! ஒருவர் பதின்மூன்று கன்று நட்டால் ஆறு பேர் நட்டது 78தான். மீதி 540 கன்றுகள் எங்கே போயின? நாற்றங்காலிலேயே கிடக்கின்றனவா? இப்படிக் கேட்டுப் பாருங்கள். பிள்ளை சிரித்துக்கொண்டே தன் தவற்றைத் தானே தேடும்.

பத்தாம் இடத்தில் ஆளுக்கு ஒன்றுகூடக் கொடுக்க முடியவில்லை. அப்படியானால் அந்த இடத்தில் 'கொடுக்கவில்லை' என்று எழுத வேண்டும். அதைச் சொல்லும் எழுத்துத்தான் சுழியம். வேலைக்கு வராதவருக்கும் பெயர்ப் பதிவில் ஒரு கட்டம் உண்டல்லவா? அந்தக் கட்டத்தையே அழித்துவிட்டால் அடுத்தவர் பெயரில் குழப்பம் வரும். அதுபோல 1க்கும் 3க்கும் நடுவே 0 இருந்தே ஆக வேண்டும். சரியான விடை 103.

இந்தத் தவறு வராமலிருக்க ஒரு பழக்கம் உதவும். வகுப்பதற்கு முன்பே குத்துமதிப்பாக ஒரு விடை சொல்லச் சொல்லுங்கள். ஆளுக்கு நூறு என்றால் ஆறு பேருக்கு அறுநூறு. இருப்பதோ 618. ஆகவே விடை நூறுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். 13 என்று வந்தால் எங்கோ பிசகு என்று அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டாவது இடம், குறைவாகக் கொடுத்துவிட்டு நகர்வது. 92ஐ 4ஆல் வகுக்கும்போது, ஒன்பதில் நான்கு ஒரு தடவை என்று எழுதி, மீதம் ஐந்து என்று சில பிள்ளைகள் வைத்துவிடும். கையில் ஐந்து நோட்டுகள் இருக்கின்றன. முன்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். ஆளுக்கு இன்னும் ஒன்று கொடுக்கலாமே! மீதம் எப்போதும் பங்குக்காரர்களின் எண்ணிக்கையைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு கழித்தலுக்குப் பிறகும் இதைக் கேட்கும்படி பிள்ளையைப் பழக்குங்கள். இங்கே ஆளுக்கு இரண்டு பத்து, மீதம் ஒரு பத்து, பிறகு பன்னிரண்டில் மூன்று. விடை 23.

மூன்றாவது இடம், எழுத்து. எண்கள் ஒன்றன்கீழ் ஒன்று நேராக நிற்காமல் சாய்ந்து ஓடினால், பத்தாம் இடத்து எண் ஒன்றாம் இடத்துக்குப் போய்விடும். கணக்குத் தெரிந்த பிள்ளைக்கும் விடை தவறும். இதற்குச் செலவில்லாத மருந்து ஒன்று உண்டு. கோடு போட்ட நோட்டைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். படுத்திருந்த கோடுகள் தூண்களாக நிற்கும். ஒரு தூணுக்கு ஓர் எண் என்று எழுதினால் வரிசை பிசகாது.

அடுத்து மீதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'மீதம் 2' என்று எழுதியதோடு பிள்ளை நிறுத்திவிடுகிறது. அந்த இரண்டு என்ன இரண்டு என்று கேட்க வேண்டும். 50ஐ 12ஆல் வகுத்தால் ஈவு 4, மீதம் 2. இதையே மூன்று விதமாகப் பாருங்கள்.

ஐம்பது பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போக வேண்டும். ஒரு வேனில் பன்னிரண்டு பேர். நான்கு வேன் போதுமா? மீதமுள்ள இரண்டு பிள்ளைகளைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டா போவது? ஐந்து வேன் வேண்டும். இன்னொரு கணக்கு. கையில் ஐம்பது வெள்ளி. ஒரு பயிற்சிப் புத்தகம் பன்னிரண்டு வெள்ளி. எத்தனை வாங்கலாம்? நான்குதான், இரண்டு வெள்ளி கையில் மிஞ்சும். மூன்றாவது, ஐம்பது வெள்ளியைப் பன்னிரண்டு பேர் பங்கு போட வேண்டும். மீதமான இரண்டு வெள்ளியை 200 சென்னாக மாற்றலாம். ஆளுக்கு மேலும் 16 சென் கிடைக்கும். 8 சென் மிஞ்சும். ஆக, ஆளுக்கு 4 வெள்ளி 16 சென். எண்கள் ஒன்றேதான், விடைகள் மூன்று. ஆகவே கணக்கை முடித்ததும் கேள்வியை மறுபடியும் ஒருமுறை படிக்க வேண்டும்.

மீதத்தை அப்படியே விடாமல் இன்னும் சிறிய அளவாக மாற்றிப் பங்கிடுவது நம் முன்னோருக்குக் கைவந்த கலை. கால், அரைக்கால் ஆகியவற்றோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பதினாறில் ஒன்றுக்கு வீசம், இருபதில் ஒன்றுக்கு மா, எண்பதில் ஒன்றுக்குக் காணி, முந்நூற்று இருபதில் ஒன்றுக்கு முந்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எண்சுவடியை உரக்கச் சொல்லி இந்த வாய்பாடுகளைப் படித்தார்கள். இன்று நாம் எழுதும் முறையில் நீள் வகுத்தல் முதன்முதலாக அச்சேறியது 1491இல், இத்தாலி நாட்டு ஃபிளாரன்ஸ் நகரத்தில், காலந்திரி என்பவருடைய கணக்கு நூலில் என்பார்கள். எழுதும் வடிவம் எங்கிருந்து வந்தால் என்ன? பங்கு போடும் அறிவு எல்லா மக்களுக்கும் பொதுவானது.

மொழியும் இங்கே ஒரு தடையாக நிற்பதுண்டு. தாத்தா பாட்டி காலத்தில் வகுத்தல், ஈவு, மீதி என்று தமிழில் படித்தார்கள். 2003ஆம் ஆண்டில் நம் தமிழ்ப்பள்ளிகளிலும் கணிதத்தை ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கினார்கள். பின்னர் அது படிப்படியாக மீண்டும் தமிழுக்குத் திரும்பியது. அதனால் ஒரே வீட்டில் அண்ணன் ஒரு சொல்லும் தம்பி ஒரு சொல்லும் பேசுவதைக் காணலாம். பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் வகுத்தல் 'பஹாகி' ஆகிறது. மீதம் 'பாக்கி' ஆகிறது. பயப்பட வேண்டாம். கடையில் 'பாக்கி எவ்வளவு?' என்று நாம் காலங்காலமாகக் கேட்கிறோமே, அதே பாக்கிதான். அரபு மொழியிலிருந்து நமக்கும் வந்தது, மலாய்க்காரர்களுக்கும் போனது. சொல் எதுவானாலும் கை செய்யும் வேலை ஒன்றே என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

நேயர்களே, இவ்வளவு நேரம் ஓரிலக்க எண்ணால் வகுத்தோம். ஈரிலக்க எண் வந்ததும் பிள்ளைகளுக்கு மேலும் அச்சம் வருகிறது. அதற்கு ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். இது பிள்ளையின் கணக்கு மட்டுமன்று, உங்கள் கணக்கும்கூட.

2025 பிப்ரவரி 1 முதல், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்று அரசாங்கம் நிர்ணயித்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 1 முதல் மற்ற முதலாளிகளுக்கும் அது பொருந்தியது. குலைக்கு இவ்வளவு, எடைக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறவர்களுக்கும் மாதச் சம்பளம் அதற்குக் குறையக்கூடாது. மாதச் சம்பளத்திலிருந்து ஒரு நாள் சம்பளத்தைக் கணக்கிட 26ஆல் வகுக்க வேண்டும் என்பது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் உள்ள முறை. அப்படியானால் ஒரு நாளைக்கு எவ்வளவு? 1,700ஐ 26ஆல் வகுப்போம்.

26ஆம் வாய்பாடு யாருக்குத் தெரியும்? தெரிய வேண்டியதில்லை. தாளின் ஓரத்தில் ஒரு சின்ன ஏணி கட்டிக்கொள்ளுங்கள். ஒரு 26 என்றால் 26. அதை இரட்டித்தால் இரண்டுக்கு 52. மறுபடி இரட்டித்தால் நான்குக்கு 104. மறுபடி இரட்டித்தால் எட்டுக்கு 208. மற்றவற்றை இவற்றிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம். நான்கும் ஒன்றும் சேர்ந்தால் ஐந்து: 130. நான்கும் இரண்டும் சேர்ந்தால் ஆறு: 156.

இப்போது வகுப்போம். ஓர் ஆயிர வெள்ளியை அப்படியே இருபத்தாறு பங்காகக் கொடுக்க முடியாது. பதினேழு நூறுகளையும் அப்படியே கொடுக்க முடியாது. ஆகவே 170 பத்துகளாக மாற்றிக்கொள்கிறோம். 170க்குள் 26 எத்தனை தடவை? ஏணியைப் பாருங்கள். ஆறுக்கு 156. ஏழு என்றால் 182; அது அதிகம். ஆகவே 6. 170இல் 156 போக 14. கடைசிச் சுழியத்தை இறக்கினால் 140. ஐந்துக்கு 130. 140இல் 130 போக 10. ஆக, 65 வெள்ளி. மீதம் 10 வெள்ளி.

இந்தப் பத்து வெள்ளியை விட்டுவிடலாமா? மாற்றுவோம். பத்து வெள்ளி என்றால் 1,000 சென். நூறுக்குள் 26 மூன்று தடவை: 78. மீதம் 22. சுழியத்தை இறக்கினால் 220. எட்டுக்கு 208. மீதம் 12. ஆக, 38 சென். ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 சென். மிஞ்சுவது 12 சென் மட்டுமே. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்கிறவருக்குச் சம்பள ஆணை குறிப்பிடும் தொகையும் 65 வெள்ளி 38 சென்தான். நீங்களும் உங்கள் பிள்ளையும் பென்சில் பிடித்துக் கண்டுபிடித்ததும் அதே தொகைதான்!

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். ஒருவருடைய சம்பளச் சீட்டில் ஒரு நாளைக்கு 60 வெள்ளி என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாளைக்கு 5 வெள்ளி 38 சென் குறைகிறது. இருபத்தாறு நாளைக்குப் பெருக்கினால் 139 வெள்ளி 88 சென். ஒரு குடும்பத்துக்கு இது சின்னத் தொகையா? ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. கணக்குத் தெரிந்தவர் அலுவலகத்தில் போய்ப் பணிவாகவும் தெளிவாகவும் கேட்கலாம். அங்கே விளக்கம் கிடைக்காவிட்டால் தொழிலாளர் இலாகாவை நாடலாம். கணக்குத் தெரியாதவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, மனத்துக்குள் ஐயப்பட்டுக்கொண்டே வீடு திரும்புவார்.

கல்வியும் கூலியும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. ஆனால் பள்ளிகள் பலவும் பெயருக்குத்தான் நடந்தன. 1941இல் இந்தச் சிலாங்கூர் மாநிலத்தில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அந்தத் தொழிலாளர்கள் கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. துரைமார் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்றும் கேட்டார்கள். எழுதப் படிக்க வாய்ப்பே கிடைக்காத பெற்றோர் பலர், தங்கள் பிள்ளைகளுக்காகக் கேட்ட கேள்வி அது. இன்று பள்ளி இருக்கிறது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வீட்டில் நாம் செய்ய வேண்டிய பங்கு மட்டும் பாக்கி இருக்கிறது.

அந்தப் பங்கு என்ன? ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். இரண்டே இரண்டு கணக்கு. இருபது கணக்குப் போட்டுச் சலிப்பதைவிட, இரண்டு கணக்கை விளங்கிப் போடுவது மேல். வாய்பாடு தடுமாறும் பிள்ளைக்கு வாய்பாட்டு அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள். வகுத்தலைப் படிக்கும் நேரத்தில் வாய்பாட்டையும் சோதித்தால் பிள்ளைக்கு இரண்டு சுமையாகும். வாய்பாட்டை வேறு வேளையில், சமைக்கும்போதோ நடக்கும்போதோ சொல்ல வைக்கலாம். தொடக்கத்தில் நோட்டுகளைக் கையில் கொடுத்துப் பங்கு போடச் சொல்லுங்கள். உண்மையான பணம் வேண்டியதில்லை. தாளைக் கிழித்து 100, 10, 1 என்று எழுதிக்கொண்டால் போதும். பிறகு கையால் செய்ததை அப்படியே எழுதச் சொல்லுங்கள். சில நாள் கழித்துத் தாள் துண்டுகளை எடுத்துவிடுங்கள்.

விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். தவறினால் திட்டாதீர்கள், தலையில் குட்டாதீர்கள். "எத்தனை பேருக்குப் பங்கு? ஆளுக்கு எத்தனை கொடுத்தாய்? கையில் எவ்வளவு மிஞ்சியது? அதை மாற்றினாயா?" என்ற நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எழுத்தே தெரியாத பாட்டியும் இந்த நான்கு கேள்விகளைக் கேட்கலாம். கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்லப் பிள்ளையே தன் தவற்றைக் கண்டுகொள்ளும்.

தொடக்கத்தில் பார்த்தோமே, அந்தப் பேரன் நாளைக்கும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவான். "எனக்கு என்னய்யா தெரியும்?" என்று பாட்டி இனிச் சொல்ல வேண்டியதில்லை. "வாய்யா, காலையில நாங்க மூணு பேரும் எப்படிப் பங்கு போட்டோம்னு சொல்றேன், நீ எழுது" என்று சொன்னால் போதும். மாதக் கடைசியில் அப்பாவின் சம்பளச் சீட்டையும் அதே பேரன் பக்கத்தில் உட்கார்ந்து வகுத்துப் பார்க்கட்டும்.

இன்று உங்களுக்கு ஒரு வீட்டுக் கணக்குக் கொடுத்து விடைபெறுகிறேன். 824ஐ 8ஆல் வகுக்கும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். 13 என்று விடை வந்தால் என்ன கேட்க வேண்டும் என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.